குழுவில் சகுந்தலா டீச்சர்

புதுப்பட்டினம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த சகுந்தலாவை 1998இல் இசைப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்களே கூடி நடத்திய பள்ளி அது. அவள் மகள் ரக்ஷா அங்கே சின்ன வயதிலிருந்தே பாட்டுக் கற்றுவந்தாள்.

"நீங்க டீச்சர், பெத்தவங்களும்கூட. உங்களை விட்டா யாரு?" என்றார் தலைவர் தேசிகன். சகுந்தலாவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

சேர்ந்த வாரமே, கடலுக்குப் போகும் சடையப்பன் மார்க்கெட்டில் அவளை நிறுத்தினார். "டீச்சர், எம் பொண்ணு கல்யாணி பாட்டு கிளாஸுக்குப் போமாட்டேன்னு அழுதுகினு கீது. அடிச்சாங்களான்னு கேட்டா இல்லேன்னுது. இன்னான்னு கொஞ்சம் பாருங்க."

அடுத்த வகுப்பில் சகுந்தலா பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பாட்டு வாத்தியார் ஜானகிராமன் யாரையும் கடிந்து பேசவில்லை. ரக்ஷா ஒரு வரியில் வழுக்கியதும் திரும்பத் திரும்பப் பாட வைத்துச் சரிசெய்தார். கல்யாணி பாடினாள். சுருதி விலகியது, தாளம் தப்பியது. "சரி, அடுத்தது" என்றார், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

தேறமாட்டான் என்று கைகழுவிய பையனின் நோட்டில்தான் வாத்தியார்கள் சிவப்பு மையே வைப்பதில்லை என்பது சகுந்தலாவுக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்ததும் கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கு ஏன் சார் திருத்தமே சொல்றதில்ல?"

"கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் நிலைக்காதும்மா. ரக்ஷா மாதிரி பிள்ளைங்கமேல உழைச்சா பலன் உண்டு."

தன் மகளின் பெயரைச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. ரக்ஷா அந்த நவராத்திரிக்குத் தனியாக மேடையேற இருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனாலும் குழுக் கூட்டத்தில், ஜானகிராமனையும் வைத்துக்கொண்டே, பார்த்ததைச் சொல்லிவிட்டாள்.

"இதைப் பெரிசு பண்ணாதீங்க. வேற வாத்தியாருக்கு நாம எங்க போறது?" என்றார் தேசிகன்.

ஜானகிராமன் எழுந்துபோனார். பிறகு வரவேயில்லை. வகுப்பு நின்றது, கச்சேரியும் நின்றது. மற்ற பெற்றோர் சகுந்தலாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரக்ஷா அம்மாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அவர் எனக்கு என்ன குறை வெச்சார்?"

தை மாதம் செங்கல்பட்டிலிருந்து ஒரு புது டீச்சர் கிடைத்தார். கல்யாணி திரும்பி வந்தாள். முதல் வரியிலேயே டீச்சர் நிறுத்தி, தொடையில் தாளம் தட்டிக் காட்டி, மறுபடி பாடச் சொன்னார். கல்யாணிக்கு அழுகை வந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

ரக்ஷா வரவில்லை. சகுந்தலா குழுவில் நீடித்தாள். கூட்டத்துக்கு அவள் கிளம்பும்போதெல்லாம், மகள் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.