அம்மாவை ஊழியராக எழுதியது

வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் வளைகுடாவில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து வரைந்து அனுப்புவேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதை யாராவது மறந்துவிட்டால் நானே ஞாபகப்படுத்திவிடுவேன்.

முதல் பெரிய தொகை கைக்கு வந்த அன்று அம்மாவிடம், இனி அண்டியாபீசுக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மா இருபத்தைந்து வருடம் அங்கே குத்தவைத்து முந்திரி உடைத்தவள். நின்றுவிட்டால் இலவச வைத்தியத்துக்கு ஆலையில் கொடுத்த இ.எஸ்.ஐ. கார்டு போய்விடுமே என்று அவள் தயங்கினாள். நானிருக்கிறேன் என்றேன். அந்தக் கார்டுக்குப் பதிலாக ஒரு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை வருடத்தில் அம்மாவின் வலது கால் முட்டு போனது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதற்கு முன்பே என் கழுத்துக்கும் ஸ்கேன், பிசியோதெரபி என்று செலவாகியிருந்தது.

வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய மாதம், இரண்டு பில் கட்டுகளையும் எடுத்துக்கொண்டு என் பள்ளித்தோழியிடம் போனேன். எனக்குக் கணக்கு எழுதித் தருகிறவள் அவள்தான். கம்ப்யூட்டர் ரிப்பேரைத் தொழில் செலவாக எழுதும்போது, அதன் முன்னால் குனிந்தே கெட்டுப்போன கழுத்தை ஏன் எழுதக்கூடாது என்று வாதாடினேன்.

"ஏட்டி, கம்ப்யூட்டர் தொழிலுக்கு உள்ளது. கழுத்து ஒனக்கு உள்ளது. அத வச்சிட்டுத்தான கல்யாண வீட்டுக்கும் போற?" என்றாள்.

சொந்த உடம்புக்குச் செய்யும் வைத்தியம் தொழில் செலவு ஆகாது என்று விளக்கினாள். இன்சூரன்ஸ் இருந்தால் பழைய வரிமுறையில் பிரீமியத்துக்குக் கழிவு உண்டு; அதுவும் தொழில் செலவாக அல்ல, தனியாக. அம்மாவுக்கு அறுபது வயது ஆகியிருந்தால் இன்சூரன்ஸ் இல்லாமலே ஒரு வழி இருந்திருக்கும். அம்மாவுக்கு ஐம்பத்தாறு. பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள்: சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஊழியருக்குச் செய்த வைத்தியம் என்றால் எழுதலாம்.

அம்மா என் ஊழியர்தான் என்று உடனே சொன்னேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "உள்ளதா? சோலி பாக்காத ஆள எழுதப்பிடாது, கேட்டியா."

உண்மைதான் என்றேன். ஆபீசைத் தூத்துப் பெருக்குகிறாள், வருகிறவர்களுக்குச் சாயா கொடுக்கிறாள், எல்லாம் சம்பளத்துக்கு என்றேன். அப்படியானால் மாதாமாதம் சம்பளச் சீட்டு வேண்டும் என்றாள். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு சீட்டு அச்சடித்தேன். கையெழுத்தை ஒரே நாளில் போட்டது தெரியக்கூடாது என்று அம்மாவிடம் மூன்று பேனாக்களை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். பன்னிரண்டு தடவை எழுதினாள்; கையெழுத்துக்கு அவள் வார்த்தை 'ஒப்பு'. இது என்னவென்று கேட்டபோது, நீ என் ஆபீசில் வேலை பார்ப்பதாக என்றேன்.

மறுநாள் எட்டரைக்கு வெளுத்த சேலை உடுத்தி, தலை சீவி, முன்னறையில் வந்து நின்றாள். கையில் தூக்குவாளி. அதே வீட்டு அடுக்களையில் இருந்து மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்திருந்தாள்.

"எனக்கு என்ன சோலி மக்கா?"

சிரித்தேன். போய்ப் படு, முட்டு வீங்கும் என்றேன். "ஒப்பு போட்டாச்சுல்லா? சோலி செய்யாண்டாமா?" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் அவளை எழுப்பவில்லை. உண்மையிலேயே வேலை பார்த்துவிட்டால் சீட்டு பொய்யாகாதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை எழுதவே கை கூசுகிறது.

மூன்றாம் நாள் கடற்கரை ஊரான இனயத்திலிருந்து ஒரு அக்கா பிளான் பார்க்க வந்தார். அவர் படியேறியதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஆலையில் மேஸ்திரி வரும்போது நிற்பாளாக இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அம்மாதானே என்று அந்த அக்கா கேட்டார். "நான் இவளுக்க ஆபீஸ்ல வேலைக்கி நிக்கேன்" என்றாள் அம்மா, பெருமையாக.

அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "பெத்த அம்மையவா வேலைக்கி வச்சிருக்க? கொள்ளாமே." நன்றாயிருக்கிறதே என்று குத்துகிற தொனி.

பிளானை விரித்துப் படுக்கையறையின் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் போகும்வரை அம்மா ஆபரேஷன் செய்த காலில் நின்றுகொண்டே இருந்தாள்.

அன்று மதியமே தோழிக்குப் போன் செய்து, அம்மாவின் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சீட்டில் தேதி சரியில்லை என்றேன். அவளிடம்கூட உண்மை வாயில் வரவில்லை. கட்ட வேண்டிய வரியைக் கட்டினேன். அது ஒன்றும் என்னால் முடியாத தொகை அல்ல.

அம்மாவிடம் சொல்வதுதான் மிச்சம். நாளையிலிருந்து ஆபீசுக்கு வர வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடியது.

"நான் சரியா பாக்கலியா மக்கா?"

வேலையே கிடையாது, வரியைக் குறைக்க நான் எழுதிய பொய் என்று அப்போதுதான் சொன்னேன். அவள் தூக்குவாளியின் மூடியைத் திருகினாள்.

"அப்போ நான் போட்ட ஒப்பு பூரா கள்ளமா?"

ஆமாம் என்றேன். அம்மா எழுந்து, சுவரைப் பிடித்தபடி, உள்ளே போனாள்.