லிஸ்டில் போட்ட பேர்

தங்கம்மாவுக்கு ஐம்பத்தெட்டு முடிவது ஜூன் முப்பதாம் தேதி. பிறந்த தேதி எதுவென்று அவளுக்கே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று எஸ்டேட்டில் கணக்கெழுத அப்போதிருந்த ரைட்டர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படி எழுதிக்கொண்டார். எழுதினது எழுதினதுதான்.

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் பேர் போடுவது என்று ஒன்று உண்டு. செக்ரோல் நோட்டில் பேர் ஏறிவிட்டால் ஆள் நிரந்தரம். லைன் என்கிற வரிசைக் குடியிருப்பில் வீடு, வருஷத்துக்கொரு கம்பளி, காய்ச்சல் வந்தால் மாத்திரை எல்லாம் அந்தப் பேரோடு ஒட்டிக்கொண்டு வரும். பேர் ஏறாதவர்கள் டெம்பரரி. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வருவார்கள், பறித்து முடிந்ததும் போய்விடுவார்கள். ஐம்பத்தெட்டு முடிந்து ஒருவர் பேரை எடுக்கும்போது அதே வீட்டு ஆள் இன்னொருவர் பேரைப் போட்டுக்கொள்ளலாம். போட்டால் வீடு நிற்கும். இல்லையென்றால் மூன்று மாசத்தில் சட்டிபானையைத் தூக்க வேண்டியதுதான்.

தங்கம்மாவின் வீட்டில் இன்னொரு ஆள் என்றால் மகள் சௌமியா மட்டும்தான். புருஷன் பெரியசாமி மஞ்சள் காமாலையில் போய் ஏழு வருஷம் ஆகிறது. சௌமியாவுக்கு இருபத்திரண்டு. காப்பி காயப்போடாத மாதங்களில் சும்மா கிடக்கும் சிமெண்டுக் களத்தில் லைன் பையன்களோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள். இடது கைக்காரி. சோற்றுக்கும் இடது கையே நீள்கிறது என்று சின்ன வயசில் அந்தக் கையில் துணி சுற்றிக் கட்டிவிட்டவள் தங்கம்மா. அந்தக் கைக்காகவே பின்னால் சேலத்தில் ஒரு காலேஜில் கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். இப்போது சென்னையில் ஒரு கிளப்புக்குச் சுழற்பந்து போடுகிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். இதில் எது படிப்பு, எது வேலை, எது விளையாட்டு என்று தங்கம்மாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கேட்பவர்களிடம், "சென்னையில இருக்கறாங்க" என்பாள். அதற்கு மேல் கேட்டால், "நல்லா இருக்கறாங்க."

ஜூன் கடைசி வாரம் திங்கட்கிழமை போன் வந்தது. லைனில் சிக்னல் கிடையாது. பம்பு ரூம் மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், மேகம் இறங்கினால் அதுவும் போகும். அன்று நல்ல மேகம்.

"அம்மா, லிஸ்ட்ல என் பேர் போட்டாங்கம்மா!"

"என்ன கண்ணு?"

"பேரு! டூருக்கு... தென்னாப்பிரிக்கா டீம் வருதில்ல... இந்தியா கூட... லிஸ்ட்ல பேர் போட்டாச்சும்மா!"

கோடு போய்விட்டது. தங்கம்மா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பேர் போட்டாச்சு. அது போதும். மீதி என்னவாக இருந்தால் என்ன?

மறுநாள் ரைட்டர் அண்ணாதுரை அவளைக் கூப்பிட்டார். "தங்கம்மா, முப்பதாம் தேதி ஞாயிறு. சனிக்கிழமையே நோட்டை முடிச்சு அனுப்பணும். உன் இடத்துல மக பேரைப் போட்டுடலாமா?"

"வேண்டாமுங்க. அவளுக்கு அங்கயே பேர் போட்டாச்சுங்க."

"எங்க?"

"இந்தியாவுலீங்க."

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்திய டீம்லயா?"

"ஆமாங்க. லிஸ்ட்ல ஏத்திட்டாங்களாம்."

அவருக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பேப்பரில் பார்த்த பேர்களில் சௌமியா என்று ஒன்று இருந்ததா இல்லையா என்று யோசித்தார். "எதுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இடத்தைக் காலியா வெக்கிறேன். அதுக்குள்ள நல்லா கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார்.

பக்கத்து வீட்டு இளவரசிக்கு விஷயம் அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. அவளுடைய மருமகள் இரண்டு வருஷமாக டெம்பரரி. ஒரு பேர் காலியானால் அடுத்து அவளுக்குத்தான்.

"அக்கா, அப்போ நீ இந்த ஊட்டை உட்டுருவயா?"

"உடாம? அங்க குடுப்பாங்கல்ல."

"இந்தியா டீமுக்கு லைன் வீடு இருக்குதா?"

"லைனா குடுப்பாங்க? கோர்ட்டர்ஸ் குடுப்பாங்க புள்ள."

"கம்பளி?"

"சென்னையில எதுக்குடி கம்பளி? ஃபேன் குடுப்பாங்க."

இளவரசி தலையாட்டினாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷப்படுவதற்குக் கூச்சமாகவும் இருந்தது.

மேட்ச் வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. நாலு நாள் நடக்கிற மேட்ச் என்றார்கள். தங்கம்மாவுக்குத் தீர்க்க வேண்டிய லீவு இரண்டு மிச்சம் இருந்தது. வெள்ளிக்கும் சனிக்கும் போட்டாள். இளவரசிக்கு லீவு இல்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டுத் தங்கம்மா வீட்டு டிவிக்கு முன்னால் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

இந்தியப் பெண்கள் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடினார்கள். கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. தங்கம்மா முகங்களை எண்ணினாள். பதினொன்று வந்தது. சௌமியா வரவில்லை.

"பின்னாடி நிக்கிறாளோ என்னமோ" என்றாள் இளவரசி.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முந்தின நாள் பயிற்சியைக் காட்டினார்கள். வலை கட்டின இடத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மட்டையோடு நின்றாள். எதிரே ஒரு குட்டைப் பெண் நாலு எட்டு வைத்து வந்து இடது கையைச் சுழற்றினாள். அந்த ஓட்டம் தங்கம்மாவுக்குத் தெரியும். களத்தில் தினமும் பார்த்த ஓட்டம். ஆனால் போட்டிருந்த சட்டை பச்சை. மட்டை பிடித்தவள் போட்டிருந்த அதே பச்சை.

"அக்கா!" இளவரசி இடுப்பு வலியை மறந்து எழுந்துவிட்டாள். "உம்புள்ள எதிர்க்கட்சியிலல்ல இருக்கறா!"

"சும்மா இருடி. அவளாட்டம் வேற ஆரோ."

"ஆரோவா? காதுல கெடக்கறது நீ குடுத்த தோடு. மஞ்சக் கல்லு. நானும்தானே கூட வந்து எடுத்தேன்."

தங்கம்மா பம்பு ரூம் மேட்டுக்கு ஓடினாள். ஆறரை வரை போன் போகவில்லை. போனபோது சௌமியா சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

"டிவில பார்த்தியாம்மா?"

"பார்த்தேன். நீ ஆரு பக்கம் கண்ணு?"

"நான் யார் பக்கமும் இல்லம்மா. நெட் பௌலர். உன்கிட்டச் சொன்னேனே!"

"லிஸ்ட்ல பேர் போட்டாச்சுன்ன."

"ஆமா, நெட் பௌலர் லிஸ்ட்ல. வெளியூர் டீம் வந்தா அவங்க அடிச்சுப் பழகறதுக்குப் பந்து போட ஆள் வேணும்ல? நம்ம டீம்ல இடது கை ஸ்பின் இருக்குது. அது எப்படி வரும்னு அவங்களுக்குப் பழகணும். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

தங்கம்மா இதை மெதுவாக மனசில் திருப்பிப் பார்த்தாள். "நம்மாளுங்க போடற பந்தை எப்படி அடிக்கறதுன்னு அவங்களுக்கு நீ சொல்லிக் குடுக்கறயா?"

"சொல்லிக் குடுக்கலம்மா. போடறேன். அவங்களா பழகிக்கிறாங்க."

"நம்மாளுங்க திட்டலையா?"

"எதுக்குத் திட்டறாங்க? நம்ம ஆளுங்க அங்க போனா அந்த ஊர்ப் பொண்ணுங்க போடுவாங்க. அதான் வழக்கம். சட்டை ஒரு அக்கா குடுத்தாங்க, என் சட்டை நனைஞ்சிருச்சுன்னு."

"எத்தன நாளைக்கு?"

"பத்து நாள்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியலம்மா."

தங்கம்மாவுக்கு அப்போதுதான் கணக்கு ஓரளவு பிடிபட்டது. "அப்போ நீ டெம்பரரி. அதும் பக்கத்து எஸ்டேட்டுக்கு."

சௌமியா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரெக்டா சொன்னம்மா. அதேதான்" என்றாள்.

நோட்டு விஷயத்தைத் தங்கம்மா சொன்னாள். நாளைக்குச் சாயங்காலத்துக்குள் பேர் போட்டால் வீடு நிற்கும், ஒண்ணாம் தேதியிலிருந்து சௌமியா களைவெட்டுக்கு வர வேண்டும். போடாவிட்டால் வீடு போகும். மேட்டில் குளிர் இறங்கியது. கோடு போய்விட்டதோ என்று தங்கம்மா போனைப் பார்த்தாள். இருந்தது.

"ஊடு போயிருமேம்மா" என்றாள் சௌமியா கடைசியில். "நீ எது செஞ்சாலும் சரி. வரச் சொன்னா வந்துடறேன்."

வர மாட்டேன் என்று அவள் சண்டை போட்டிருந்தால் தங்கம்மா பதிலுக்கு நாலு வார்த்தை ஏசிவிட்டுப் பேரைப் போட்டிருப்பாள். வருகிறேன் என்கிறவளை என்ன செய்வது?

சனிக்கிழமை காலையிலும் டிவிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இந்தியா மலை மாதிரி ரன் எடுத்து முடித்து, அடுத்து அவர்கள் மட்டை பிடித்தார்கள். நம் பக்கத்து இடது கைக்காரி பந்தை எடுத்தாள். எதிரே சடை பின்னின ஒரு நெட்டைப் பெண். அவளைப் பற்றிச் சௌமியா நேற்றே சொல்லியிருந்தாள். இரண்டு நாள் என் பந்தில் தடுமாறினாள், மூன்றாம் நாள் முட்டி போட்டு வாசல் பெருக்குகிற மாதிரி அடித்தாள் என்று.

முதல் இரண்டு பந்தையும் நெட்டைப் பெண் தடுத்தாள். மூன்றாவதற்கு முட்டி போட்டுப் பெருக்கினாள். பந்து எல்லையைத் தாண்டியது.

தங்கம்மா கை தட்டிவிட்டாள்.

"என்னக்கா?" இளவரசி திரும்பினாள். "நாலு ரன்னு அவங்களுக்குப் போவுது."

"அது எம்புள்ளகிட்டப் பழகுன அடி."

"நாட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டு அம்மாளுக்குப் பெருமையப் பாரு!"

"பேசாம பாருடி."

கொஞ்ச நேரத்தில் அதே நெட்டைப் பெண் அவுட் ஆனாள். இந்தியப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். தங்கம்மாவின் வாயிலிருந்து "ச்சோ" என்று வந்தது. வந்த பிறகு, நம் பக்கம் ஜெயிக்கிறதே என்று பிந்தி இரண்டு தட்டு தட்டினாள்.

"எதுக்காவது ஒண்ணுக்குத் தட்டு" என்றாள் இளவரசி.

"எதுக்குன்னு நீதான் சொல்லேன்."

இளவரசிக்கும் தெரியவில்லை. அவளுக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து அதை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்: "சாயங்காலம் ரைட்டர்கிட்ட என்னக்கா சொல்லப்போற?"

"போனாத்தான் தெரியும்."

நாலு மணிக்கு ஆபீசில் ரைட்டர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். அவரும் விசாரித்துவிட்டிருந்தார் போல. குரலில் கேலி இல்லை.

"மக இந்திய டீம்ல இல்லையாமே, தங்கம்மா."

"இல்லீங்க."

"பர்மனென்டும் இல்ல."

"இல்லீங்க. டெம்பரரி. எதிராளிக்குப் பந்து போடறாங்க. பத்து நாளைக்கு."

"அப்புறமென்ன, இங்க போட்டுறட்டுமா?" பேனாவை எடுத்தார்.

தங்கம்மா நோட்டைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது அவளுடைய பேர் ஒன்றுதான். எத்தனையோ வருஷம் அதே வரிசையில் இருந்த பேர். அதற்குக் கீழே ஒரு கோடு காலியாக இருந்தது. மூன்று எழுத்து எழுதினால் போதும், மழைக்கு ஒதுங்க ஓடு இருக்கும். தெரியல என்று சொன்ன பெண்ணை நம்பி வீட்டை விடுவது எந்தப் புத்தி? காலையில் கேட்டிருந்தால் போடுங்க என்று சொல்லியிருப்பாள். நேற்று என்றாலும் சொல்லியிருப்பாள்.

"வேண்டாமுங்க" என்றாள்.

"ஏன்?"

"தெரியலீங்க."

"தெரியலன்னா எப்படி? ஒரு காரணம் வேணுமில்ல?"

தங்கம்மா யோசித்தாள். "இங்க ஒருக்காப் போட்டா, எடுக்கறதுக்கு முப்பத்திநாலு வருஷம் ஆகுதுங்களே" என்றாள்.

ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "செப்டம்பர் கடைசிக்குள்ள காலி பண்ணணும். பின்னால வந்து அழக்கூடாது" என்றார்.

"அழுவ மாட்டேனுங்க."

கதவுக்கு வெளியே இளவரசி நின்றுகொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்டதை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. மருமகளின் ஆதார் அட்டை நகல் கையிலேயே இருந்தது. அதை உள்ளே கொடுத்துவிட்டு வந்தவளுக்குத் தங்கம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லைன் வரைக்கும் கூடவே நடந்தாள்.

"அக்கா, நீ உடற ஊடு மருமவ பேர்லதானே வருது. முன் ரூம்ல நீ இருந்துக்க. நான் சொல்றேன் அவகிட்ட."

"உன் மருமவ வாய் எனக்கு ஆவாது சாமி. வெள்ளக்கடை ஊருக்குள்ள சிவசக்தி அண்ணன் ஊட்டுல பின்பக்கம் காலியா இருக்குதாம். நாளைக்குப் போய்ப் பாக்கணும்."

"வேலைக்கு?"

"நானும் டெம்பரரிதான் இனிமே. பழம் வந்தா கூப்புடுவாங்க."

மறுநாள் வெள்ளக்கடையில் சிக்னல் முழுசாக இருந்தது. வீட்டைப் பார்த்தபடியே தங்கம்மா மகளுக்குப் போன் போட்டாள். ஒரு அறை, ஒரு சமையல் திட்டு, தண்ணீர்க் குழாய் மூன்று குடும்பத்துக்குப் பொது. விஷயத்தைச் சொன்னதும் சௌமியா திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன? நான்தான் வர்றேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. அதான் எனக்கும் ஒண்ணும் புரியல."

"இப்ப நான் என்ன செய்யறது?"

"எனக்கென்ன தெரியும்? இன்னிக்குப் பந்து போடப் போவலையா?"

"மூணு மணிக்குப் போறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அடுத்து இருபது ஓவர் மேட்ச் இருக்குதும்மா. அதுக்கும் இருக்கச் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவ நம்ம டீமுக்குப் போடணும்னு ஒரு சார் சொல்றாரு, இன்னொருத்தர் இல்லேங்கறாரு."

"ரெண்டு பேர்கிட்டயும் நல்லாக் கேட்டுட்டுச் சொல்லு" என்றாள் தங்கம்மா. "இந்த இளவரசிக்கு நான் பதில் சொல்லி மாளல."

போனை மடியில் செருகிக்கொண்டு, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க வீட்டுக்காரர் பக்கம் போனாள்.