வாத்தியாருக்காகப் போட்ட முறை

கண்ணுகளா, பூட்டிக் கிடந்த வகுப்பறையின் வௌவால் எச்ச நாற்றம் இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நான் அஞ்சாவது படித்தபோது, மலைமேல் இருக்கும் நம் குண்டனி நாட்டுப் பள்ளிக்கென்று போட்டிருந்த ஒரே வாத்தியாரை, தற்காலிக மாற்றல், 'டெபுடேஷன்' என்று சொல்லி அடிவாரத்துப் பள்ளியில் வைத்துக்கொண்டார்கள். அங்கே ஏற்கெனவே வகுப்புக்கு ஒருவர் இருந்தார். எங்களுக்கென்று வந்தவரைப் பிடுங்கி, இருக்கிறவர்களுக்கே கொடுத்தார்கள். இதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அப்பாவும், அடுத்த வீட்டுப் பொன்னி சின்னம்மாவும், இன்னும் சில பெற்றோரும் எங்களைக் கூட்டிக்கொண்டு கீழே கல்வி ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மொளகு பறிக்கப் போற பசங்களுக்கு வாத்தியார் எதுக்கு?"

"அந்த மொளகைப் போட்டுத்தானுங்க உங்கூட்டுல ரசம் வெக்கறாங்க," என்றார் சின்னம்மா. "எங்க வாத்தியாரைக் குடுங்க, போயிர்றோம்."

சொல்லிவிட்டு எல்லாரும் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் போனார்கள், அதற்கு மறுநாளும். "சாமைக்காட்டுல களையெடுப்பு வரட்டும், தன்னால மலையேறிருவாங்க" என்று அதிகாரி பியூனிடம் சொல்லிச் சிரித்ததை என் காதால் கேட்டேன்.

அவருக்கு நம் மலையைத் தெரியாது. இன்றைக்கு உன் காட்டில், நாளைக்கு என் காட்டில் என்று 'முறை' போட்டுக் களையெடுத்தவர்கள், அந்த ஆபீசையும் இன்னொரு காடாகச் சேர்த்துக்கொண்டார்கள். வராந்தாவில் உட்காரப் போனவர்களின் காட்டுக் களையை மேலே இருந்தவர்கள் எடுத்தார்கள். களையெடுப்பு முடிந்து சாமை கதிர் விட்டது; வராந்தா மட்டும் காலியாகவில்லை. கடைசியில் வாத்தியார் மலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"அவங்க ஒண்ணும் குடுக்கல கண்ணு. நம்மளதை நாம திருப்பிக் கொண்டாந்தோம்," என்றார் அப்பா.

போன மாதம் உங்கள் டீச்சரையும் அதேபோலக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதே 'டெபுடேஷன்', அதே சிரிப்பு. மறுபடியும் அந்த வராந்தாவில் போய் உட்காரலாம் என்று ஊரைக் கூட்டினேன். "கெழங்குக் காட்டை உட்டுப்போட்டு எப்புடிங்க வாரது? களை மண்டிக் கெடக்குது," என்றார் பக்கத்துக் காட்டுக்காரர் செல்லன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாமைக்காடு போய் மரவள்ளிக் கிழங்கு வந்ததோடு முறையும் போய்விட்டது. இப்போது அவரவர் காட்டுக்கு அவரவர் கூலியாள்.

கூட்டம் கலைந்த பிறகு நீங்கள் என்னைத் தேடினீர்களாம். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நான் செல்லன் காட்டுக்குப் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஒரு வரிசைக் களையை எடுத்து வரப்பில் போட்டுவிட்டு, அடுத்த வரிசைக்குக் குனிந்தேன்.