மிஷின் அக்கா வாய் மூடிய மத்தியானம்

அந்தத் தெருவில் மிஷின் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. மாடி வீட்டின் முன்னறையையே தையல் கடையாக்கி, பேன்ட் மடிக்க, இடுப்புப் பிடிக்க, ஜிப் மாற்ற என்று வருகிறவர்களுக்கு வேலை செய்து கொடுப்பாள். பழைய மோட்டார் மிஷின். ஓடினால் ஜன்னல் கம்பிகளும் சேர்ந்து அதிரும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவள் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. மிஷின் ஓடாதபோதும் எதிர்க் கட்டடத்துக்காரருக்குச் சேதி சொல்வது போலத்தான் பேசுவாள். பேன்ட் மடிக்க வந்தவனிடம் கல்யாணம் ஆச்சா, சம்பளம் என்ன, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா என்று கேட்டு முடித்த பிறகுதான் டேப்பை எடுப்பாள். சிலர் முகம் சுளித்ததுண்டு. அவர்களும் அடுத்த பேன்ட்டோடு திரும்பி வந்தார்கள். தையல் அப்படி.

அவளுக்கு வாய்த்தவர் டிரைவர். வெளிதேசத்துக்காரர்கள் கம்பெனி ஒன்றில் பல வருஷம் கார் ஓட்டி ஓய்வு பெற்றவர். காரைக் கம்பெனியில் விட்டுவிட்டு, அவர்கள் பழக்கத்தை மட்டும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் எது நடந்தாலும் "அவங்க" என்று ஆரம்பிப்பார். அவங்க வீட்டில் கதவு சாத்தினால் சத்தம் கேட்காது. அவங்க டீயை உறிஞ்ச மாட்டார்கள். அவங்க இன்னொருத்தர் தட்டை எட்டிப் பார்க்க மாட்டார்கள். அக்காவுக்குக் காது புளித்துப்போனது.

"அவங்க மேல எனக்கும்தான் மரியாதை இருக்கு. நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"தெரியும், தெரியும். நம்ம பழக்கம்தான் உசத்தின்னு சொல்லுவே."

அவள் சொல்ல வந்தது அது இல்லை. முன்பு ஒருமுறை அவருடைய முதலாளியின் கோட்டு ஒன்று கை குறைக்க வந்தது. அதை உட்புறம் திருப்பிப் பார்த்தவள் மிஷினை நிறுத்திவிட்டாள். யார் கண்ணிலும் படாத அந்த உள்பக்கத்தில் ஒரு பிசிறு இல்லை, ஒரு நூல் தொங்கவில்லை. ஒவ்வொரு ஓரத்துக்கும் மெல்லிய துணிப் பட்டி கொடுத்து மடித்துத் தைத்திருந்தார்கள். அன்றிலிருந்து, மடித்துக் கொடுக்கும் சாதாரண பேன்ட்டுக்குக்கூட அவள் உள்ளே பட்டி வைத்தாள். கூலி ஏற்றவில்லை. அதைத்தான் சொல்ல வந்தாள். எந்த வாக்கியத்தை முடிக்க விட்டிருக்கிறார் மனுஷர்!

அப்படி இருக்கும்போது மகள், வேலை செய்யும் இடத்தில், அதே தேசத்துப் பையன் ஒருவனை விரும்பினாள். டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பையன் இங்கேயே படித்தவன், நம்மைப் போலவே பேசினான். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். நடுவில் புகவில்லை. அவள் முடித்த பிறகும், இன்னும் ஏதாவது இருக்குமோ என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். பேச்சை முடித்துப் பழக்கமே இல்லாத அக்காவுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்துபோய் டீ போட்டாள். "இவன்தான் மாப்பிள்ளை" என்று அடுப்பிடம் சொன்னாள்.

ஆனால் அவன் ஒன்று சொல்லியிருந்தான். அப்பா இல்லாத வீடு, அம்மா மனசாரச் சரி சொன்னால்தான் கல்யாணம். அந்த அம்மாள் நேரில் பார்க்க வருகிறார் என்று சேதி வந்ததும் டிரைவர் சட்டம் போட ஆரம்பித்தார்.

"சத்தமா பேசாதே. சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு பிடுங்காதே. அவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கக்கூடாது. முக்கியமா, தொட்டுப் பேசாதே. உன் ஒருத்தி வாயால நம்ம பொண்ணு வாழ்க்கை கெட்டுடக்கூடாது."

கடைசி வாக்கியம் அவளைத் தைத்தது. சரி, மகளுக்காக ஒரு மத்தியானம் வாயைக் கட்டுவோம் என்று ஒத்துக்கொண்டாள்.

மத்தியானம் வந்தது. மகளும் மாப்பிள்ளையாகப் போகிறவனும் சம்பந்தி அம்மாளைக் கூட்டிக்கொண்டு படியேறினார்கள். ஒல்லியான, நேராக நிற்கிற பெண்மணி. கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். உட்புறம் வெளியே தெரிந்தது. கையால் தைத்த பட்டி! அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறந்தாள். டிரைவர் இருமினார். மூடிக்கொண்டாள்.

சாப்பாடு பரிமாறினாள். சம்பந்தி கொஞ்சமாகப் போட்டுக்கொண்டார். போட்டதை முடித்துவிட்டு, கரண்டி இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார். அக்காவின் கை தானாக எழுந்தது. இருமல். கை இறங்கியது. சுவர்க் கடிகாரம் ஓடுவது அந்த வீட்டில் அன்றுதான் எல்லோருக்கும் கேட்டது. சம்பந்தி இவள் முகத்தைப் பார்ப்பதும், தட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். டிரைவர் மட்டும், எல்லாம் சரியாகப் போகிறது என்று உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் எடுக்கப் போன அக்காவின் பின்னாலேயே மகள் அடுப்படிக்கு வந்தாள்.

"அவங்களைப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லித் தொலையேம்மா. எதுக்கு இப்படி அவமானப்படுத்தறே?"

"நானா? அடியே, உங்கப்பாதான்..."

"அங்க என்ன சத்தம்?" என்று டிரைவர் எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசத் தெரியாதா உங்களுக்கு?"

அவர்கள் திரும்பி வந்தபோது சம்பந்தி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பையன் தலையைக் குனிந்தபடி, "அம்மாவுக்குக் களைப்பா இருக்காம். நாங்க கிளம்பறோம். மத்ததை அப்புறமா பேசிக்கலாம்" என்றான். அப்புறமா என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியாதா? துணியை வாங்கிப் போக வராதவர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குள் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது.

"நில்லுங்க!"

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வாசற்படியைத் தாண்டப்போன சம்பந்தியின் கோட்டுக் கையை எட்டிப் பிடித்தாள். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வந்ததும் வராததுமா கிளம்பினா என்ன அர்த்தம்? கொறிச்சது காக்கா வயித்துக்குக் காணாது. அந்தப் பாத்திரத்தை நான் யாருக்குக் கொட்டறது? இந்தக் கோட்டு, உள்ள இப்படித் தைச்சிருக்கே, யாரு தைச்சது? அதைக் கேக்காம உங்களை அனுப்பிட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வருமா?"

சம்பந்தி திரும்பினார். பிறகு அவர் கண் கலங்கியது. தனக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"நான் தைச்சேன். நானே." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "எங்க வீட்ல விருந்தாளிகிட்ட எதுவும் கேக்க மாட்டோம். ஆனா உங்க பொண்ணு சொன்னா. எங்க அம்மா சத்தம் போடும், நிறைய கேக்கும், சாப்பிடச் சொல்லி சண்டை போடும், அதுதான் அன்புன்னு. பெருமையா சொன்னா. நான் வழியெல்லாம் பதில் யோசிச்சேன். முட்டிவலி, வயசு, என் சம்பளம்கூடச் சொல்லலாம்னு வந்தேன். நீங்க ஒண்ணும் கேக்கலை. என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

அக்கா மகளைப் பார்த்தாள். எந்த வாயால் கல்யாணம் கெடும் என்று மூடி வைத்தாளோ, அந்த வாயைப் பற்றி இந்தப் பெண் போகிற இடமெல்லாம் பெருமையடித்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சம்பந்தியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து நாற்காலியில் அழுத்தினாள். கோட்டைக் கழற்றி, உட்புறம் மேலே தெரிய மிஷின் மேல் விரித்தாள். தட்டில் வேண்டுமட்டும் போட்டாள். சம்பந்தி போதும் போதும் என்று கையால் மறைக்க, அக்கா விரலிடுக்கில் கரண்டியை நுழைக்க, மகள் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

"இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

அக்கா கரண்டியோடு திரும்பினாள்.

"எத்தனை வருஷம் அவங்களோட கிடந்தீங்க! கதவு சாத்தக் கத்துக்கிட்டீங்க, டீ குடிக்கக் கத்துக்கிட்டீங்க. பேசறவங்க முடிக்கிற வரைக்கும் கேக்கணும்னு அவங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கு. அந்தப் பையனைப் பாருங்க, எப்படிக் கேக்கறான். அதை மட்டும் ஏன் அங்கேயே விட்டுட்டு வந்தீங்க?"

டிரைவர் வாயைத் திறந்தார். சம்பந்தியும் பையனும் அவரையே பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

"சரி, சொல்லு" என்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலாளியின் கோட்டிலிருந்து ஆரம்பித்தாள்.