அசீரியாக்காரருக்கு நான் வாங்கிக் கொடுத்த சபைச் சீட்டு

வடசேரியில் எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் ஓர் ஓலைச் சாய்ப்பில் ஒரு புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தார்கள். அவர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார். அந்த அம்மாள் ஆரல்வாய்மொழி இடையர்களிடம் ஆட்டுமயிர் வாங்கி, தானே நூல் திரித்து, முழங்கால்வரை வரும் காலுறை பின்னிக்கொண்டிருப்பாள். நாகர்கோவில் வெயிலில் கம்பளிக் காலுறை! என்னால் சும்மா இருக்க முடியுமா? எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாலாம் பாரத்தில் இரண்டு தடவை தோற்றுவிட்டு, திருவனந்தபுரம் பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். பஸ் கிளம்பாத நேரமெல்லாம் யாரையாவது சீண்டுவதுதான் என் உத்தியோகம்.

“இது பேஷ்கார் அதிகாரிக்கா, இல்ல அவருக்க காளைக்கா அம்மா?” என்று கேட்டேன்.

“அவிடெ மஞ்ஞு, மோனே” என்றார் புருஷன். அவர்கள் ஊர் மலையில் முழங்கால் ஆழத்துக்குப் பனி விழுமாம்.

அவர் பேசியது அரை மலையாளம், எனக்குத் தெரிந்தது வேறொரு அரை. இரண்டையும் சேர்த்தாலும் ஒன்று ஆகாது. ஆனாலும் கதை புரிந்தது. அவர்கள் அசீரியர்கள். முதல் உலகச் சண்டையின்போது துருக்கிப் பக்கத்து மலையிலிருந்து விரட்டப்பட்டு, வழியிலே இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, பாக்தாத் பக்கத்துக் கூடாரங்களில் கிடந்து, பம்பாய்க்குக் கப்பலேறியவர்கள். தங்கள் முறையில் ஜெபிக்கிற கிறிஸ்தவர்கள் திருச்சூரில் உண்டென்று கேள்விப்பட்டு அங்கே வந்து, பிழைப்பைத் தேடித் தெற்கே இறங்கிவிட்டார்கள்.

“அசீரியாவா? அப்போ வேதத்துல உள்ள நினிவேக்காரரு! அங்க பிரசங்கிக்க வந்த யோனாவக் கண்டீரா?”

அவர் சிரிக்கவில்லை. நினிவே ஜனங்கள் மனம் திரும்பியதை நினைத்து வருஷாவருஷம் மூன்று நாள் உபவாசம் இருப்பதாகச் சொன்னார். அப்புறம் அந்தக் கிண்டல் எனக்கே ருசிக்கவில்லை.

ஆடி மாதம் அவருடைய தம்பியிடமிருந்து திருச்சூர் வழியாக ஒரு கடிதம் வந்தது. ஊர்க்காரர்கள் சிலர் திரும்ப மலையேறிவிட்டார்கள். தம்பி அண்ணன் வீட்டுக்கும் கூரை போட்டுவிட்டான். மலைப்பாதையைப் பனி மூடுவதற்குள் வா, வராவிட்டால் கூரையில்லாத வேறு குடும்பத்துக்கு அந்த வீட்டைக் கொடுக்கவேண்டி வரும் என்று எழுதியிருந்தான். அந்த அம்மாள் அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள்.

அகதிகளுக்குச் சர்க்கார் கப்பலில் இடம் உண்டு, அதற்கு மனு கொடுக்கிற ஆபீஸ் திருவனந்தபுரத்தில் இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மனுவோடு ஊரில் ஒரு பெரிய மனிதர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். நான்தான் முந்திக்கொண்டேன். “அண்ணாச்சி, நீரு பேசாம இரியும். நான் பாத்துக்கிடுகேன்.”

எனக்குத் தெரிந்த பெரிய காகிதம் ஒன்றே ஒன்றுதான், சபைச் சீட்டு. எங்கள் சபையார் கண்டிக்கோ மலைத் தோட்டத்துக்கோ போகும்போது போதகர் எழுதிக் கொடுப்பார். அதைக் காட்டினால் அங்கேயுள்ள சபையார் தயங்காமல் சேர்த்துக்கொள்வார்கள். சோறும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும். தோட்டத்துக் கங்காணியே பணிகிற காகிதத்துக்கு ஒரு குமாஸ்தா பணியமாட்டானா?

முதலில் அவரிடமே கேட்டேன். எங்கள் சபையில் ஒரு பேருக்குச் சேர்ந்துகொள்ளும்படி சொன்னேன். அவர் ஈயத்துணியைக் கீழே வைத்துவிட்டு மறுத்துத் தலையசைத்தார். “வேண்டா மோனே. எங்கட வேதக்கோயில் வாசல் சின்னது. தல குனிஞ்ஞாதான் உள்ள போகலாம். கள்ளம் சொல்லிட்டு ஞான் எங்ஙன குனியும்?”

சரி என்றேன். ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் போதகர் கண்ணில் படும்படி கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். பிறகு போதகரிடம் போனேன்.

“அவரு நம்ம சபையில சேர சம்மதிச்சாராலே?” என்று கேட்டார் போதகர்.

“சம்மதம் ஐயா. பாஷை வராததுனால அவருக்குப் பதிலா நான் சொல்லுகேன்.”

“எந்த ஊருச் சபைக்கு எழுதணும்?”

“அசீரியா.”

“வேதத்துல உள்ள அசீரியாவாலே?”

“அதேதான் ஐயா. யோனா போன எடம்.”

“யோனா போகமாட்டேன்னுல்லா ஓடினாரு. இவரு போகணும்னுல்லா நிக்காரு, பாவம்” என்று சொல்லிக்கொண்டே போதகர் கையெழுத்துப் போட்டார். ஈயம் பூசுகிறவரிடம் அதை நான் நல்ல நடத்தைக் காகிதம் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என் பஸ்ஸிலேயே இரண்டுபேரையும் திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தா தமிழ் வாசிக்கத் தெரிந்த நல்ல மனிதர். சீட்டை இரண்டு தடவை வாசித்தார்.

“குடும்பத்தோட இங்க நிலைச்சு வாழுற பூரண அங்கத்தினர்னு எழுதியிருக்கே. அப்பொ இந்த ஆளு இவிடத்துக்காரன்தானே? அகதிக்கல்லே கப்பல்?”

அச்சடித்த வரி அது. யார் பேருக்கு எழுதினாலும் அந்த வரி இருக்கும். நான் ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

“சாரே, அது தெரியாம வந்துட்டு. அந்தக் காகிதத்த இங்ஙோட்டு தாருங்க” என்று கையை நீட்டினேன். அதற்குள் அவர் ஊசி நூலால் அதை மனுவோடு சேர்த்துத் தைத்து நம்பர் போட்டுவிட்டார். விசாரித்துத் தகவல் அனுப்புவதாகச் சொன்னார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

திரும்பி வந்து போதகர் காலில் விழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இது பொய்யின்னு நானே எழுதிக் கொடுத்தா, நாளைக்குக் கண்டிக்குப் போற நம்ம பிள்ளையளுக்க சீட்ட எவம்லே நம்புவான்?” என்றார். இரண்டு நாள் கழித்து எழுதத்தான் செய்தார். விசாரணையில் இருப்பதாகப் பதில் வந்தது. புரட்டாசியில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும் நான் போய்க் கேட்டேன். அப்போதும் விசாரணையில்தான் இருந்தது.

ஐப்பசி மழை செக்கடி முழுவதும் சேறாக்கியிருந்த ஒரு பகலில், அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“அவிடெ இப்போ வழி அடஞ்ஞு போயி” என்றார். பிறகு, “மோனே, அந்தக் கடுதாசில நீ என்ன எழுதிச்சே?” என்று கேட்டார்.

அச்சடித்த வரிகள் அப்போது எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருக்குப் புரியாத வார்த்தையை வேறு வார்த்தையில் சொன்னேன். ‘நாகர்கோவிலில் நிலைத்து வாழும்’ என்ற வரியையும் விடவில்லை.

“நீ வெளையாட்டா செஞ்சதோ?”

“இல்ல அண்ணாச்சி. இது ஒண்ணுதான் நான் வெளையாட்டா செய்யாதது.”

சாய்ப்பின் உள்ளே இருந்த அந்த அம்மாள் என்ன என்று கேட்டாள் போல. அவர் திரும்பி, அவர்கள் பாஷையில் மெதுவாக, வெகுநேரம் அவளுக்கு விளக்கினார். நான் எழுந்து போகவும் தெரியாமல் கேட்டுக்கொண்டு இருந்தேன். அவ்வளவு பேச்சிலும் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தைதான். ‘நாகர்கோவில்’ என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.