கோழிக்கூடையும் சீமைக் கவுனும்

தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள் அம்சவள்ளி. ஊரில் அவளுக்கு நைட்டி டெய்லர் என்றுதான் பேர். பட்டு ஜாக்கெட் என்றால் கள்ளக்குறிச்சிக்கு ஓடுகிறவர்களுக்கு நைட்டி கிழிந்தால் மட்டும் இவள் ஞாபகம் வரும். அந்த வருத்தம் அவளுக்கு உண்டு. ஆனாலும் யாராவது பாராட்டினால், “இன்னா, ஏதோ தெச்சேன்” என்று தலையைக் குனிந்துகொள்வாள்.

போன மாசம் கல்லூரி ஆசிரியை கலையரசி மூன்று படங்களோடு வந்தார். ஐரோப்பியப் பெண்கள் காலங்காலமாக உடுத்திய உடைகளை ஆண்டு விழா மேடையில் காட்டப் போகிறார்களாம். இரண்டு கவுன்கள் சுலபமாக முடிந்தன. மூன்றாவது பாடாய்ப் படுத்தியது. நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய மாடல். இடுப்பு ஒட்டிப்போய், அதன் கீழே பாவாடை தேர் மாதிரி விரிந்து நிற்க வேண்டும்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவலன்னா சென்னையில வாடகைக்கு எடுத்துக்கிறேங்கா,” என்றார் கலையரசி.

அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. ஆறு உள்பாவாடைக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிவிட்டாள். போட்டுப் பார்த்த மாணவி தனுஷாவால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை.

கலையரசி சிரித்தார். “அந்தக் காலத்துல அவங்களும் இப்பிடித்தான் அடுக்கிக் கட்டிக்கினு அவஸ்தப்பட்டாங்க. அப்புறம்தான் உள்ள கூண்டு வெச்சாங்க.”

கூண்டு என்றதும் அம்சவள்ளிக்கு வீட்டுப் பின்புறம் கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடை கண்முன் வந்தது. அதன் அடியை அறுத்து, தன் இடுப்பிலேயே மாட்டிப் பார்த்தாள். நிற்கும்போது ராஜகம்பீரம்தான். உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கி முகத்தில் இடித்தது. மேடையில் தனுஷா நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டுமே!

கூடை பின்னும் பூமாலையிடம் மூங்கில் பத்தை வாங்கி, சிறிதும் பெரிதுமாக ஐந்து வளையம் வளைத்தாள். பாவாடை நாடாவில் அவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டாள்.

கலையரசி பார்த்துவிட்டு அசந்துபோனார். “அவங்க இரும்புல செஞ்சதும் இதே மாதிரிதாங்கா. உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“கோழிதான் மேடம்.”

விழாவில் தனுஷா உட்கார்ந்தாள். அம்சவள்ளி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வளையங்கள் ஒன்றோடொன்று மடிந்து இறங்கின. எழுந்தாள், பாவாடை பழையபடி விரிந்து நின்றது. அரங்கமே கைதட்டியது.

“சென்னையில எந்தக் கடையில எடுத்தீங்க?” என்று சிறப்பு விருந்தினர் மைக்கில் கேட்டார்.

கலையரசி வாய் திறப்பதற்குள் கடைசி வரிசையில் அம்சவள்ளி எழுந்துவிட்டாள். இந்த முறை தலை குனியவில்லை.

“நாந்தாங்க தெச்சேன்.”