இலத்தூரில் ஒன்பது வீடு

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவள் முகம் அல்ல, ஒரு விரல். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்து, என் தோளுக்கு மேலே கையை நீட்டி, திரையைத் தொடாமல் நிறுத்திய ஆள்காட்டி விரல். நகத்தோரம் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது. "இந்தப் பக்கத்துக்கு மட்டும் அடியில 'வகை'ன்னு ஏதோ எழுதியிருக்கு. மத்த பக்கத்துல அப்படி இல்லையே" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஒரு மணி நேரமாக நான் தேடிக்கொண்டிருந்த பிழை அதுதான்.

தென்காசியில் எங்கள் வீட்டுக் கணினியில் ஒரு விக்கி இருந்தது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நான் செய்தது. ஒரே ஒரு கோப்பு. பிரவுசரில் திறந்தால் நூற்றுக்கணக்கான பக்கங்களாக விரியும். சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஊர், தெரு, அங்கே யார் யார், எங்களுக்கு என்ன உறவு, எல்லாம் அதில் இருக்கும். பக்கங்களுக்கு அடையாளச் சொற்கள் கொடுத்திருந்தேன். இன்ன ஊர், இன்ன உறவு என்று நிபந்தனை எழுதினால் அந்தப் பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தருவது ஃபில்டர். ஒருமுறை எழுதிவைத்து, வேண்டிய இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து வேலை செய்வது மேக்ரோ. அதுவரை வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் அம்மாவின் ஞாபகமும் ஒரு பழைய டைரியும்தான். "இனிமே எதையும் மனசுல வச்சுக்கிட வேண்டாம்மா" என்று பெருமையாகச் சொல்லி, அந்த டைரி முழுவதையும் நானே தட்டச்சு செய்தேன்.

வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன பிறகு அந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியது விக்கி மட்டும்தான். என் அறையில் அண்ணனின் பீரோ வந்துவிட்டது. மாதம் ஒருமுறை ஊருக்கு வருவேன். அதற்குள் விக்கியில் என்னென்ன கோளாறு வந்தது என்று அப்பா ஒரு தாளில் குறித்து வைத்திருப்பார். யாராவது கேட்டால், "எம் மக வந்து பாத்துக்கிடுவா" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இரவுப் பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மதினி வடகரைக்காரி. தென்னந்தோப்பு உள்ள வீடு. கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாள். கணினி என்று தனியாக எதுவும் படித்ததில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம்தான் அந்தத் தேங்காய் விரல். விக்கியில் ஒரு பெரியவர் வீட்டுக்கான பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள் வரவேண்டிய இடத்தில் மேக்ரோவின் எழுத்துகளே அப்படியே வந்து நின்றன. முகவரியை ஒட்டுவதற்காக அந்தப் பக்கத்தின் வகையை 'வெறும் எழுத்து' என்று நானே மாற்றியிருந்தேன். திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். நான் மேக்ரோவை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். அவள் சரியாக வரும் ஒரு பக்கத்தையும் வராத ஒரு பக்கத்தையும் அருகருகே பார்த்தாள். அவ்வளவுதான் அவள் முறை. பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் அதையே எனக்குப் பெரிய பெயர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதன்பின் நான் வருவதற்கு முன்பே கோளாறுகள் சரியாகிவிடத் தொடங்கின. வீட்டுப் பெயரில் இரண்டு சொற்கள் இருந்தால் ஃபில்டர் அதை இரண்டு வீடாக எடுத்துக்கொண்டு சிவப்பு எழுத்தில் கத்தும். பெயரைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். நீளமான ஃபில்டரில் கோளாறு என்றால் பின்னாலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு போனதும் சரியாகிறது என்று பார்ப்பாள். இதெல்லாம் எனக்குத் தொலைபேசியில் வந்த செய்திகள். சொன்னவர் அப்பா. "நீ இதுக்குன்னு அலைய வேண்டாம்மா, மருமவ பாத்துக்கிட்டா."

நான் எதையும் வரிசையாக எழுதிப் பார்க்கிறவள். மதினி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவை என்று அலுவலக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அப்பாவின் வாக்கியம். அம்மாவோடு மாலைக் காப்பி. கணினிக்கு முன்னால் இருந்த பிரம்பு நாற்காலி. நான்காவதாக ஒன்றைத் தேடியபோது வெட்கம் வந்து தாளைக் கிழித்துவிட்டேன். ஆனால் அந்த வெட்கம் அடுத்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்கவில்லை. விக்கியின் தோற்ற அமைப்பில், எந்தப் பொத்தான் தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்று தேர்ந்தெடுக்கலாம். பக்கத்தைத் திருத்தப் பயன்படும் பென்சில் படத்தை மறைத்து, "புதிய பதிப்பு" என்று கோப்பை அனுப்பி வைத்தேன்.

அன்று மாலையே மதினி கூப்பிட்டாள். "நாத்தனாரே, பென்சிலக் காணோமே?"

"பாதுகாப்புக்காக எடுத்துட்டேன், மதினி."

"பாதுகாப்பா? யாருகிட்ட இருந்து?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் சிரித்துவிட்டாள். "சரி, சரி. கள்ளன் வீட்டுக்குள்ளதான் இருக்கான்."

அடுத்த ஆண்டு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆனி மாதம், குற்றாலத்தில் மண்டபம். எங்கள் பக்கம் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அழைத்ததாகக் கணக்கில்லை. புருஷன் பெண்டாட்டியாக நேரில் போய், சந்தனம் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தர வேண்டும். தென்காசியும் கடையநல்லூரும் அப்பா அம்மாவுக்கு. இலத்தூரும் செங்கோட்டைப் பக்கமும் அண்ணனுக்கும் மதினிக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். ஊர் வாரியாக, தெரு வரிசையில், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு கட்டத்தோடு பட்டியல் வரும்படி நான் மேக்ரோ எழுதினேன். தாள் அச்சாகி வெளியே வந்தபோது அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, "எம் மக போட்ட லிஸ்ட்டு" என்றார்.

இலத்தூருக்குப் போகவேண்டிய காலையில் மதினி அந்தத் தாளோடு என்னிடம் வந்தாள். பட்டுப்புடவை பாதி கட்டியிருந்தாள்.

"இலத்தூர்ல எட்டு வீடுதான் வந்திருக்கு. ஒம்பது இருக்கணுமே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சாப்ட்டிருக்கேம்லா." கல்யாணமான புதிதில் அவளையும் அண்ணனையும் ஒரு வீடு விடாமல் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அவள் விரல் மடக்கினாள். "மொத வீட்ல அடப்பிரதமன். ரெண்டாவது, அந்த நாய் வச்சிருக்க வீடு, புளிச்சேரி. மூணாவது வீட்ல உப்பே போடல, உங்க அண்ணன் வாயத் தொறக்கல. நாலாவது வீட்ல தேங்காப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும். இந்தச் சொதி வீட்டத்தான் காணோம்."

"ஃபில்டர் சரியாத்தான் இருக்கு மதினி. மூணு தடவ பாத்துட்டேன்."

"அப்ப நான் சாப்ட்ட சொதி?"

எரிச்சலோடுதான் கணினியைத் திறந்தேன். அந்த வீட்டுக்குப் பக்கம் இருந்தது. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா வீடு, எனக்குப் பெரியம்மா. எல்லா வீட்டையும் போல அதற்கும் ஆண்பிள்ளையின் பெயரைத்தான் தலைப்பாக வைத்திருந்தேன். பெரியப்பா முந்தின தை மாதம் தவறிப்போனார். செய்தி வந்த அன்றே, சென்னையில் இருந்துகொண்டே, அந்தப் பக்கத்துக்குக் 'காலமானவர்' என்று அடையாளம் போட்டேன். இறந்தவர் பெயருக்குப் பத்திரிகை எழுதிவிடக் கூடாது என்பதற்காக, காலமானவர்களை விட்டுவிடு என்று ஃபில்டரின் கடைசித் துண்டில் எழுதியதும் நான்தான். ஆளுக்குப் போட்ட நிபந்தனை வீட்டையே தூக்கி எறிந்திருந்தது. மதினி செய்வதுபோல அந்தக் கடைசித் துண்டை வெட்டிப் பார்த்தேன். இலத்தூரில் ஒன்று வந்தது. மற்ற ஊர்களில் இன்னும் ஆறு வீடுகள் வந்தன. ஏழும் புருஷனை இழந்த பெண்கள் இருக்கும் வீடுகள்.

இந்த ஏழு பேரும் என்ன நினைப்பார்கள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. சுபகாரியத்துக்கு ஆகாதவள் என்று தள்ளிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். கணினி செய்த தவறு என்றால் எந்த ஊரில் நம்புவார்கள்? பெரியம்மாவோடு அம்மாவுக்கு இருந்த ஐம்பது வருட ஒட்டுறவு என் கல்யாணத்தோடு அறுந்திருக்கும்.

மதினி திரையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அத்தகிட்டச் சொல்லிரு. இலத்தூருக்கு அத்தையே வரட்டும். அந்த வீட்டுக்கு நாங்க மட்டும் போனாப் போதாது" என்று சொல்லிவிட்டுப் புடவையைச் சரிசெய்யப் போனாள்.

நான் அம்மாவிடம் போனேன். "அம்மா, லிஸ்ட்ல ஏழு வீடு விட்டுப்போச்சு. இலத்தூர் பெரியம்மா வீடும் அதுல ஒண்ணு. நல்லவேளை, நான் இப்பப் பாத்துட்டேன்" என்றேன். முன்கூட்டி யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்னபின் திருத்த நேரம் இருந்தது, திருத்தவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏ ஆத்தா, அக்கா வீடா! பாவி, என்ன காரியம் ஆயிருக்கும்!" பிறகு இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். "நீ பாத்தியே ஏட்டி. உனக்கு இருக்க கருத்து இந்த வீட்ல யாருக்கு இருக்கு?"

மதினி கதவோரம் தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். நான் அவளைப் பார்த்தேன். "அத்தை, குங்குமச் சிமிழ எங்க வச்சிய?" என்று கேட்டாள்.

இலத்தூரில் பெரியம்மா தாம்பாளத்தை வாங்கத் தயங்கி, "நான் வரலாமாட்டி?" என்று கேட்டாளாம். "நீ வரலன்னா தாலி கட்ட விடமாட்டேன்" என்றாளாம் அம்மா. கல்யாணத்தன்று பெரியம்மாவைக் கைப்பிடித்து முன்வரிசைக்குக் கூட்டி வந்தவள் மதினி.

மதினியிடமாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். சாரல் பிடித்து, தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் நெரிசலில் அவளும் நானும் ஒட்டி நின்றோம். "மதினி, அன்னைக்கு நான் அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தேன். "என்னது? கேக்கல!" என்று கத்தினாள். மறுபடியும் சொன்னேன். "பொறவு பேசிக்கிடலாம், தலையக் குடு!" என்று என் பிடரியில் கை வைத்து அருவிக்குள் தள்ளினாள். எல்லாம் கேட்டிருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். பென்சிலை எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன்; அதையும் "புதிய பதிப்பு" என்று சொல்லித்தான். விக்கியில் இன்று ஆண்பிள்ளை பெயரில் எந்தப் பக்கமும் இல்லை. வீட்டுக்கு வீட்டின் பெயர், ஆளுக்கு ஆளின் பெயர் என்று மதினி எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிட்டாள். ஆள் போனாலும் வீடு பட்டியலில் நிற்கும். வீட்டுப் பக்கத்தில் 'விருந்து' என்று ஒரு வரி இருக்கிறது. இலத்தூர்ப் பெரியம்மா பக்கத்தில் 'சொதி' என்று இருக்கும். எனக்கு இது தோன்றாமல் போனதே என்று பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

போன மாதம் என் மாமியார் வீட்டுச் சொந்தங்களுக்கு ஒரு விக்கி தொடங்கினேன். பிள்ளைகள் பெயர் எல்லாம் இரண்டு இரண்டு முறை வந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மதினிக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. "ஒரே மேக்ரோவ பக்கத்துலயும் கூப்பிட்டிருக்க, எல்லாப் பக்கத்துக்கும் அடியிலயும் வரச்சொல்லியிருக்க. ஒண்ண எடுத்துட்டேன், சரியாயிட்டு. என்ன செய்யுதன்னு அத்த கேட்டாவ. நாத்தனார் எனக்கு புதுசா ஒண்ணு சொல்லிக்குடுக்குதான்னு சொல்லியிருக்கேன்." பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "எம் மக கெட்டிக்காரிலா!"

அதை மூன்று முறை கேட்டேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல், இலத்தூர் வீடு விட்டுப்போனதைக் கண்டுபிடித்தது மதினி, நான் இல்லை என்று சொன்னேன். பென்சிலை மறைத்ததையும் சொன்னேன்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "ஏம்மா, இங்கன வாயேன்" என்று மதினியைக் கூப்பிட்டாள். என்னிடம் அவள் ஒருநாளும் பேசியிராத குரல் அது. போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டாள். கொலுசுச் சத்தம் நெருங்கி வந்தது. அம்மா ஏதோ கேட்டாள். மதினி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.